சிப்பியும் நுண்ணுயிரும்

குளிர்மிக்க வடகடலில் வளரும் சிப்பியைப் பச்சையாகவே உண்ணலாம், தீங்கில்லை என்று அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் பலரும் எண்ணியிருந்தனர். 2004-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அவ்வெண்ணம் தகர்ந்தது. உல்லாசக் கப்பலில் சென்ற பயணிகள் வயிற்றுப்போக்கால் அவதியுற்றனர். அவர்கள் பச்சையாக உண்டவை அங்குள்ள பண்ணைச் சிப்பிகள். அச்சிப்பிகளால் நோயுற்றோர் மொத்தம் 62 பேர் எனக் கணக்கிட்டனர். காலராக் கிருமியின் இனத்தைச் சேர்ந்த விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் என்னும் நுண்ணுயிரே காரணம். அக்கோடையில் பண்ணை நீரின் வெப்பம் 15 பாகை செல்சியசைக் கடந்திருந்தது.

பண்ணைக்காரரின் துப்புரவைப் பழித்தல் முறையன்று. இக்கிருமி சாக்கடையிலிருந்து வருவதன்று. கடலில் இயல்பாகவே வாழ்வது. சிப்பியோ நீரை ஓயாது வடிகட்டி இரை கொள்வது. எனவே நீரில் அருகிக் காணப்படும் கிருமி அதன் உடலில் செறிந்துவிடுகிறது. நிறத்தாலும் மணத்தாலும் நாம் அதனை அறிய இயலாது.

இவ்வினத்தின் மற்றொன்றாகிய விப்ரியோ வல்னிபிகஸ் மிகக் கொடியது. அதனால் நோயுற்றாருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் இறக்கின்றனர். சிலர் ஓரிரு நாளிலேயே. கல்லீரல் பழுதுற்றோரை அது எளிதில் வீழ்த்தும். மதுவால் கல்லீரல் கெட்டவர் நம் குடும்பங்களில் இலர் என்போமா? எலுமிச்சைச் சாறும் மிளகாய்க் காரமும் உடன் பருகும் மதுவும் இக்கிருமியைக் கொல்லா. நெருப்பு கொல்லும். ஓடு திறந்த பின்னரும் மூன்று முதல் ஐந்து நிமிடம் கொதிக்கவிட வேண்டும். திறவாதவற்றை எறிந்துவிட வேண்டும்.