உங்களுக்குத் தெரியுமா? தோடம்பழத்தில் நாம் கிள்ளி எறிவது

ஸ்பிரிங்வெளிப் பக்கத்து ஆட்களுக்கு பிபிலைத் தோடம்பழம் நம்ம ஊவா சரக்கு. பழுத்தும் தோல் பச்சையாகவே இருக்கும். காய் என்று ஒதுக்காதீர்கள்.

உரிக்கும்போது நார் நாராகக் கிள்ளி எறிகிறோமே, அந்த வெள்ளைப் பகுதியில்தான் ஹெஸ்பெரிடின் என்ற பொருள் நிறைய உண்டு. 1828இல் லெப்ரேட்டன் என்ற பிரெஞ்சுக்காரர் பிரித்தெடுத்தது. இதையும் டயோஸ்மின் என்ற இன்னொரு பொருளையும் சேர்த்த மாத்திரையைத்தான் காலில் நரம்பு சுருண்டவர்களுக்கு டாக்டர்மார் எழுதுகிறார்கள். நாள் முழுக்க மலையில் நின்று கொழுந்தெடுக்கும் கால்களுக்கு அந்த வருத்தம் புதிதல்ல. பழம் மாத்திரைக்கு மாற்றில்லைதான்; ஆனாலும் வெள்ளையோடு தின்னலாம்.

இரத்தத்துக்கு இன்னொன்று: ரொட்டியோடு குடிக்கும் சாயத்தண்ணி சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை உடம்பில் சரியாகச் சேரவிடாது. தேத்தண்ணியை ஒரு மணிநேரம் தள்ளிவைத்து, கீரையில் எலுமிச்சை பிழியுங்கள். அதன் விட்டமின் சி இரும்பைச் சேர்க்கும், தோலைத் தாங்கும் கொலாஜனுக்கும் உதவும்.

அதற்காகச் சாற்றை முகத்தில் பூசிக்கொண்டு வெயிலில் போய்விடாதீர்கள். கொப்புளம் போட்டு, கருந்தழும்பு மாதக்கணக்கில் நிற்கும்.