ஆபரேஷன் கத்தியை ஏன் சாணை பிடிப்பதில்லை?



சென்ற மடலில் ஆபரேஷன் தியேட்டரின் தேவைகளை எழுதியபோது, சர்ஜிக்கல் பிளேடுகள் பல பெட்டிகள் வேண்டும் என்று குறிப்பிட்டிருந்தோம். பல ஆண்டுகளாக நம்மை ஜெபத்தாலும் காணிக்கையாலும் தாங்கிவரும் சகோதரி ஒருவர் அதைப் படித்துவிட்டு, மனதில் பட்டதை ஒளிக்காமல் கேட்டு எழுதியிருக்கிறார்: "எங்கள் வீட்டு அரிவாள்மனை என் மாமியார் காலத்தது. எப்போதாவது ஒரு தடவை சாணை பிடித்தால் போதும், இன்னும் ஓடுகிறது. நீங்கள் மட்டும் ஆளுக்கு ஒரு கத்தி என்று எடுத்து, வேலை முடிந்ததும் போட்டுவிடுகிறீர்களே, அது காணிக்கைப் பணம் அல்லவா?"

கேட்க வேண்டிய கேள்விதான். காணிக்கையில் ஒரு ரூபாய்க்கும் கணக்குக் கேட்கிறவர்களைக் கர்த்தர் நமக்குத் தந்திருப்பதற்காக நன்றி செலுத்துகிறோம். ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்தச் சிறிய இரும்புத் துண்டுக்குள் அடங்கியிருக்கும் காரியங்களை நீங்களும் அறிந்துகொள்வது நல்லது என்று எண்ணி இந்த மடலை எழுதுகிறோம்.

முதலில் கூர்மையைப் பற்றி. மழுங்கிய கத்தி ஆபத்தில்லாதது என்று தோன்றும்; உண்மை அதற்கு நேர்மாறானது. நன்றாகப் பழுத்த தக்காளி ஒன்றை நறுக்கிப் பாருங்கள். கூரான கத்தியைத் தோலின்மேல் வைத்து இழுத்தாலே இறங்கிவிடும். மழுங்கிய கத்தி முதலில் நசுக்கும், பிறகு வழுக்கும், கடைசியில்தான் வெட்டும். மனிதத் தசையும் அப்படியே. ஓரம் நசுங்கிய காயத்தில் ரத்த ஓட்டம் குறைகிறது. ரத்தம் எட்டாத சதை செத்துப்போகிறது. செத்த சதையில் கிருமி குடியேறுகிறது. ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போக வேண்டியவர் மூன்று வாரம் கட்டிலில் கிடக்க வேண்டி வரலாம். அத்தனை நாள் கூலியும் போகும்.

அதைவிடப் பெரிய ஆபத்து, டாக்டர் அழுத்த வேண்டி வருவதுதான். அழுத்துகிற கை எந்த இடத்தில் போய் நிற்கும் என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. சிசேரியனில் கருப்பையின் மெல்லிய சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தையின் கன்னம் இருக்கிறது. மழுங்கிய இரும்புக்கு அதிக பலம் வேண்டும் என்று பிரசங்கி எழுதியிருப்பதை நீங்கள் வாசித்திருப்பீர்கள். எங்கள் தியேட்டரில் அதற்கு விளக்கவுரை தேவைப்படுவதில்லை.

நம் நாட்டில் இது பழைய ஞானம். சுசுருதர் தம் நூலில் வெட்டும் கருவிகள் 20 என்றும், வெட்டாத கருவிகள் 101 என்றும் வகுத்திருக்கிறார். கத்தியின் கூர் மயிரைப் பிளக்க வேண்டும் என்கிறார். வழவழப்பான உளுந்து நிறக் கல்லில் தீட்டி, கூர் கெடாதபடி இலவ மரப் பேழையில் வைக்கவும் சொல்கிறார். வெட்டத் தெரிந்தவர், வெட்டிய பின் கூரைக் காப்பதையும் யோசித்திருக்கிறார்.

மேல்நாட்டிலும் 19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரைக்கும் அறுவைக் கத்தி முழுக்கத்தியாகவே இருந்தது. எஃகு அலகை யானைத் தந்தத்திலோ, எலும்பிலோ, கருங்காலி மரத்திலோ பதித்திருப்பார்கள். பார்க்க அழகு. கருவிகளை நீராவியில் வேகவைத்துக் கிருமி நீக்கும் முறை வந்ததும் அந்த அழகு நிலைக்கவில்லை. தந்தமும் மரமும் வெடித்தன. முழுவதும் உலோகமான கத்தி வந்தது. அப்போதும் கூர்மைப் பிரச்சினை தீரவில்லை, ஏனென்றால் கூர் என்பது கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிய ஓரம். கொதிக்கும் ஆவி பட்டால் முதலில் துருப்பிடிப்பது அந்த ஓரம்தான். கிருமியைக் கொன்றால் கூர் போகிறது, கூரைக் காத்தால் கிருமி நிற்கிறது!

இந்த முடிச்சை அவிழ்த்தவர் டாக்டர் அல்ல, மோர்கன் பார்க்கர் என்ற அமெரிக்கப் பொறியாளர். சவரத்துக்குக் கழற்றி மாற்றும் பிளேடு அப்போதுதான் பரவி வந்தது. அதே யோசனையில் அவர் 1915-இல் கத்தியை இரண்டாகப் பிரித்தார். கைப்பிடி நிலையானது, எத்தனை முறை ஆட்டோகிளேவில் போட்டாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. பிளேடு மாற்றத்தக்கது. பிளேட்டின் நடுவில் சாவித் துவாரம் போல ஒரு நீண்ட ஓட்டை இருக்கும். கைப்பிடியின் நுனியில் அதற்கேற்ற நாக்கு இருக்கும். அதில் செருகித் தள்ளினால் 'டிக்' என்று உட்காரும். இன்றைக்கும் உலகமெங்கும், எங்கள் ராஜகுளத்துத் தியேட்டர் வரைக்கும், அந்த அமைப்புத்தான்.

ஆகவே சகோதரியின் கேள்விக்குப் பதில்: சாணை பிடித்தால் கூர் வரலாம், ஆனால் அதை மறுபடி வேகவைத்தாக வேண்டும், வேகவைத்தால் கூர் போகும். அது மட்டுமல்ல. ஒருவர் ரத்தத்தில் நனைந்த பிளேடு அடுத்தவர் உடம்பில் பட்டால் மஞ்சள் காமாலைக் கிருமியும் எய்ட்ஸ் கிருமியும் கூடவே போகக்கூடும். எங்கள் மருத்துவமனையின் ஆரம்ப நாட்களில், கையிருப்பு குறைந்தபோது பிளேடுகளை ஸ்பிரிட்டில் ஊறவைத்து மறுபடியும் பயன்படுத்தியிருக்கிறோம். அதை மறைக்க விரும்பவில்லை. கர்த்தர் எங்கள் அறியாமையைப் பொறுத்துக் காத்தார் என்றுதான் சொல்ல வேண்டும். இன்று பிளேடுகள் தனித்தனி உறைகளில், பெரும்பாலும் காமாக் கதிர்களால் கிருமி நீக்கப்பட்டு வருகின்றன. வெப்பமும் ஈரமும் படாததால் கூர் கெடுவதில்லை. இந்த முறைக்கென நம் நாட்டில் டிராம்பேயில் ஐசோமெட் என்ற நிலையம் 1974-இல் தொடங்கப்பட்டது. ஒரு பிளேட்டின் விலை ஒரு டீ விலைக்குள் அடங்கிவிடுகிறது.

புதிய பிளேடு ஒன்று எதைத் தடுக்கும் என்பதை இந்தப் பக்கத்து மூத்த தாய்மார்கள் அறிவார்கள். வீட்டுப் பிரசவத்தில் கையில் அகப்பட்டதைக் கொண்டு கொப்பூழ்க்கொடியை அறுத்த காலம் ஒன்று இருந்தது. எட்டாம் நாள் வாக்கில் குழந்தையின் தாடை இறுகும், பால் குடிக்காது. அது ரண ஜன்னி. தாய்க்குத் தடுப்பூசி, சுத்தமான கை, சுத்தமான பிளேடு ஆகியவற்றால் அந்த நோய் அடக்கப்பட்டு, இந்தியாவில் தாய்சேய் ரண ஜன்னி ஒழிக்கப்பட்டதாக 2015-இல் உறுதிசெய்யப்பட்டது.

இனி பிளேட்டின் வடிவம். தியேட்டர் சிஸ்டரிடம் டாக்டர் "பத்து" என்பார், "பதினொன்று" என்பார். எண் கூடினால் அளவு கூடும் என்று நினைக்க வேண்டாம்; எண் வடிவத்தின் பெயர். 10-ஆம் எண் பிளேட்டுக்கு வயிறு உண்டு. வளைந்த அந்த வயிறுதான் தோலில் நீளமான, ஒரே ஆழமான கீறலைப் போடுகிறது. 15-ஆம் எண் அதன் குட்டித் தம்பி. அதைப் பேனா பிடிப்பதுபோல் பிடித்து, முகத்திலும் விரலிலும் நுணுக்கமாக வேலை செய்யலாம். 12-ஆம் எண் அச்சு அசல் நம் கதிர் அரிவாள், உள்வளைவில் கூர். எட்டாத மூலையில் கொக்கிபோல் விட்டு இழுத்து அறுக்க உதவும்.

எங்கள் ஊருக்கு மிகவும் வேண்டியது 11-ஆம் எண். அதற்கு வயிறு கிடையாது. நேரான ஓரம், ஊசியான முனை. சீழ்க் கட்டியில் குத்தி, கூரை மேல்முகமாகத் திருப்பி, உள்ளிருந்து வெளியே கீறிவிடலாம். அடியிலுள்ள நரம்புக்கும் ரத்தக் குழாய்க்கும் அதனால் ஆபத்துக் குறைவு. நாற்று நடும் பருவத்தில் முள் குத்தி, சேறு புகுந்து, கை வீங்கி வருகிறவர்களுக்கு இந்தப் பிளேடு கொடுக்கும் நிம்மதியைக் கண்ணால் பார்க்க வேண்டும். சர்க்கரை நோயாளிகள் சிலர் கால் ஆணியை வீட்டில் சவர பிளேடால் தாங்களே சீவிவிட்டு வருகிறார்கள். வலி தெரியாத காலில் எத்தனை ஆழம் போகிறது என்பதும் தெரிவதில்லை. தயவுசெய்து உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

கத்தரிக்கோலைப் பற்றிச் சுருக்கமாக. அதன் இரண்டு அலகுகளும் மிக லேசாக வளைந்திருக்கும். மூடும்போது ஒரு புள்ளியில் மட்டும் உரசி, அந்தப் புள்ளி நுனிவரை நகர்ந்து செல்லும். எவ்வளவு கூராக இருந்தாலும் கத்தரி கொஞ்சம் நசுக்கியே வெட்டும். அதனால்தான் தோலைக் கத்தியால் திறக்கிறார்கள். இதைக் கட்டாயம் சாணை பிடிக்கலாம், பிடிக்கிறோம். தியேட்டர் கத்தரியால் பிளாஸ்டரையும் காகிதத்தையும் வெட்டுகிறவர்களைப் பற்றி எங்கள் சிஸ்டர் சொல்வதை இங்கே எழுத முடியாது.

கூர் பிளேட்டில் இருந்தாலும் கட்டுப்பாடு கைப்பிடியில் இருக்கிறது. இதற்கு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை 1976-இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமியை நினைத்துக்கொள்கிறோம். இளம் வயதிலேயே மூட்டுவாதம் அவர் விரல்களைக் கோணலாக்கிவிட்டது. பேனா பிடிக்கவே முடியாதிருந்த காலமும் உண்டு. தம் விரல்களுக்கு ஏற்றபடி கருவிகளை அமைத்துக்கொண்டு, கத்தி பிடிக்கப் பழகி, லட்சத்துக்கு மேற்பட்ட கண் ஆபரேஷன்களைச் செய்தார். 1992-இல் தொடங்கிய அரவிந்தின் அங்கமான ஆரோலேப், விழிக்குள் வைக்கும் லென்சோடு கண் ஆபரேஷனுக்கான நுண்ணிய பிளேடுகளையும் செய்கிறது.

நமக்கு இன்னும் நெருக்கமானவர் டாக்டர் பால் பிராண்ட். கொல்லிமலையில் மிஷனெரிப் பெற்றோருக்கு 1914-இல் பிறந்தவர். மருத்துவம் படிக்கும் முன் தச்சு வேலையும் கட்டட வேலையும் கற்றவர். வேலூருக்கு வந்தபின் 1947-இல், இங்கிருந்து தூரமில்லாத செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் மடங்கிப்போன கைகளைக் கண்டார். அதன்பின் அந்தக் கைகளைத் திருத்துவதே அவருடைய ஊழியமாயிற்று. தசைநாரை ஓரிடத்திலிருந்து எடுத்து, தோலுக்கடியில் வேறிடத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். வழியெல்லாம் வெட்டினால் தழும்பில் நார் ஒட்டிக்கொள்ளும். வெட்டாமல் வழி உண்டாக்கிச் செல்லும் இடுக்கி ஒன்று இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. எங்கே வெட்டக்கூடாது என்பதையும் கருவி செய்கிறவர் அறிந்திருக்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் அன்புள்ள நண்பர்கள் எங்களுக்கு ஒரு பெரிய பெட்டி அனுப்பினார்கள். ஜெபித்துத் திறந்தோம். உள்ளே அத்தனையும் 22-ஆம் எண் பிளேடுகள். எங்களிடம் இருந்ததோ 3-ஆம் எண் கைப்பிடிகள். 3-ஆம் எண் கைப்பிடி 10, 11, 12, 15 ஆகியவற்றை ஏற்கும். 20 முதல் 25 வரையான பெரிய பிளேடுகளுக்கு 4-ஆம் எண் கைப்பிடி வேண்டும். ஒன்று மற்றொன்றில் உட்காராது. சவுலின் ஆயுதவர்க்கத்தை அணிந்து நின்ற தாவீதின் நிலைமைதான். பிறகு 4-ஆம் எண் கைப்பிடிகள் இரண்டை வாங்கினோம். வயிற்று ஆபரேஷன்களில் நீளமான கீறலுக்கு அந்தப் பிளேடுகளே இரண்டு வருடம் கைகொடுத்தன.

இப்போது தேவைப்படுவது 3-ஆம் எண் கைப்பிடிகள் ஆறு, 11, 15-ஆம் எண் பிளேடுகள், நடுத்தர அளவில் வளைந்த மேயோ கத்தரிகள் இரண்டு. பொருளாக அனுப்புகிறவர்கள் வாங்குமுன் எண்ணைக் கேட்டு ஒரு கடிதம் எழுதினால் போதும். கழற்றிய பிளேடுகளைக் கையால் தொடாமல் இடுக்கியால் எடுத்து, குத்தினாலும் துளையாத வெள்ளை டப்பாவில் போட்டு அனுப்புகிறோம். அந்த டப்பாக்களும் தீரும் நிலையில் உள்ளன.

கிறிஸ்துவின் பணியில்,
ராஜகுளம் மருத்துவமனை ஊழியர்கள்