ஜாடையும் ஜீவனாம்சமும்

லஸ் கார்னரில் காபி குடித்துக்கொண்டிருந்தபோதுதான் நண்பர் அந்தக் குண்டைப் போட்டார்.

"பையனைப் பாருங்க ஸார்..." என்று செல்போனை நீட்டினார். ஏழு வயசு. முன்பல் ரெண்டு இல்லாத சிரிப்பு. "மூக்கு என்னை மாதிரியா இருக்கு?"

நண்பருக்கு தி.நகரில் அக்கவுன்ட்ஸ் உத்தியோகம். விவாகரத்து ஆகி ஒரு வருஷம். மனைவிக்கு மொத்தமாக ஒரு தொகை கொடுத்துக் கணக்கை முடித்தாயிற்று. பையனுக்கு மட்டும் மாசா மாசம் ஜீவனாம்சம். ஒவ்வொரு ஒண்ணாம் தேதியும் அவருக்கு இந்த மூக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது!

"டி.என்.ஏ. டெஸ்ட் எடுத்துட்டா விஷயம் முடிஞ்சுது. கோர்ட்டுல கேக்கப் போறேன்!"

கேட்டால் உடனே உத்தரவு போட்டுவிடுவார்களா? அடையாறில் இருக்கும் வக்கீல் சிநேகிதரைப் பிடித்தேன். அவர் சிரித்தார்.

"கோர்ட் மூக்கைப் பார்க்காதுப்பா. காலண்டரைப் பார்க்கும்!"

விஷயம் இதுதான். 1872-ல் வெள்ளைக்காரன் போட்ட சாட்சியச் சட்டத்தில் 112-வது பிரிவு என்று ஒன்று. சட்டப்படி நடந்த கல்யாணம் நீடிக்கும்போது பிறக்கிற குழந்தை, அந்தக் கணவனின் குழந்தைதான். விவாகரத்து ஆன பிறகும், அந்தப் பெண் மறுமணம் செய்யாதிருந்து 280 நாளுக்குள் பிறந்தால், அதுவும் அவர் கணக்கில்தான் வரவு! 2024 ஜூலை 1-லிருந்து புதுச் சட்டம். நம்பர் 116 ஆகிவிட்டது. விதி அதேதான்.

தப்பிக்க ஒரு வழி உண்டு. கரு உண்டான சமயத்தில் இரண்டு பேரும் சேர வாய்ப்பே இல்லை என்று நிரூபிக்க வேண்டும். 'அவள் மயிலாப்பூரில், நான் துபாயில், இதோ பாஸ்போர்ட்' என்கிற மாதிரி. 'ஜாடை சரியில்லை, யுவர் ஆனர்' என்பதெல்லாம் செல்லாது.

1993-ல் கௌதம் குண்டு வழக்கு. குழந்தைக்கு ஜீவனாம்சம் என்றதும், அந்த மேற்கு வங்கக் கணவர் ரத்தப் பரிசோதனை வேண்டும் என்றார். சுப்ரீம் கோர்ட் மறுத்தது. கேட்டபோதெல்லாம் உத்தரவு போட முடியாது, ரத்தம் கொடு என்று யாரையும் கட்டாயப்படுத்தவும் முடியாது என்றது.

2023 பிப்ரவரியில் புனே வழக்கு ஒன்று. மனைவி தப்பு செய்தாள் என்று காட்ட, மகனுக்கு டி.என்.ஏ. டெஸ்ட் கேட்டார் கணவர். விசாரித்தவர்களில் ஒருவர், நம்ம சென்னை ஹைகோர்ட்டில் பல வருஷம் இருந்த நீதிபதி வி.ராமசுப்பிரமணியன். இன்னொருவர் பி.வி.நாகரத்னா. இருவருமே மறுத்துவிட்டார்கள். பெரியவர்கள் சண்டையில் குழந்தையை நடுவில் நிறுத்தக்கூடாது என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

நண்பரிடம் வந்து ஒப்பித்தேன். "அப்ப ஜெயிச்சவனே கிடையாதா?" என்றார்.

உண்டு. 2014 ஜனவரியில், மகாராஷ்டிரக் கணவர் ஒருவர். 1991-க்குப் பிறகு மனைவியோடு சேரவே இல்லை என்று வாதாடியவர். நாக்பூர், ஹைதராபாத் என்று இரண்டு டி.என்.ஏ. சோதனைகளும் அவர் தகப்பன் இல்லை என்றன. நிஜம் கையில் இருக்கும்போது ஊகம் எதற்கு என்று சுப்ரீம் கோர்ட் மகளுக்கான ஜீவனாம்சத்தை நிறுத்தியது. ஆனால், அதுவரை கொடுத்த பணம் திரும்பக் கிடையாது!

நிஜமாகவே சந்தேகம் உள்ளவர்கள் கவனிக்க. பிறந்த சர்டிபிகேட்டில் அப்பா பெயர் எழுதி, எல்.கே.ஜி. சேர்த்து, விவாகரத்துப் பேப்பரில் 'எங்கள் மகன்' என்று கையெழுத்தும் போட்டுவிட்டு, பணம் கட்டும்போது மூக்கைப் பார்ப்பது... வருஷக் கணக்கை மூடிய பிறகு ஆடிட் அப்ஜெக்‌ஷன் எழுப்புகிற கதைதான். இன்னொன்று: விவாகரத்து மனைவியிடமிருந்துதான். குழந்தையிடமிருந்து யாரும் விவாகரத்து வாங்க முடியாது.

"பையன் பொறக்கறதுக்குப் பத்து மாசம் முன்னாடி எங்கே இருந்தீங்க?" என்று கேட்டேன்.

"மந்தைவெளியில... ஒரே வீட்லதான்."

"அப்புறம் என்ன?"

ரொம்ப நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். "கடைசிச் சண்டையில அவ கோபத்துல ஒரு வார்த்தை சொல்லிட்டா ஸார். 'அவன் உன் புள்ளையே இல்லை'ன்னு. அது போகவே மாட்டேங்குது..."

எனக்குப் பதில் தெரியவில்லை. "டெஸ்ட்ல உங்க பையன்தான்னு வந்தா, அப்பா என்னைச் சந்தேகப்பட்டார்னு அவனுக்கு ஒருநாள் தெரியும். இல்லைன்னு வந்தா, அறுபத்து மூவர் உற்சவத்துல அவனைத் தோள்ல தூக்கிட்டு நின்னீங்களே, அதை எந்தக் கணக்குல எழுதுவீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

நண்பர் மறுபடி செல்போனை எடுத்தார். போட்டோவைப் பெரிசாக்கிப் பார்த்தார்.

"ஸார்... இது எங்க அப்பா மூக்கு மாதிரி இல்லே?"