ஓடுகளம் – 9: டைமிங்கும் தங்கமும்

திருமுல்லைவாயிலில் விடியும் முன்பே மைதானத்தைச் சுற்றத் தொடங்குகிற பையன்களில் பலர் ராணுவத்துக்கோ போலீசுக்கோ தயாராகிறவர்கள். பக்கத்திலேயே ஆவடி, சீருடைகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள். ராணுவ ஆள்சேர்ப்பில் 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 நொடிக்குள் முடித்தால்தான் முழு மதிப்பெண். 400 மீட்டர் சுற்றுக்கு 82 நொடி சொச்சம். அப்படி நாலு சுற்று. மூன்றாவது சுற்றிலேயே விலாவைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிடுகிறவர்கள் உண்டு. அவர்களை மனதில் வைத்துத்தான் இந்த வாரம் லட்சுமணனைப் பற்றி எழுதுகிறேன்.

கோவிந்தன் லட்சுமணன், புதுக்கோட்டைக்காரர். பயிற்சியாளர் லோகநாதனிடம் ஓடப் பழகி, ராணுவத்தில் சேர்ந்தவர். 2017 ஜூலையில் புவனேஸ்வர் கலிங்கா ஸ்டேடியத்தில் ஆசிய தடகள சாம்பியன்ஷிப் நடந்தது. ராஞ்சி கைவிட்ட பிறகு ஒடிசா அவசரமாக எடுத்து நடத்திய போட்டி. அதில்தான் 29 பதக்கங்களோடு இந்தியா முதன்முறையாகப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. முதல் நாளே 5,000 மீட்டரில் லட்சுமணனுக்குத் தங்கம்: 14:54.48. கடைசி நாள் 10,000 மீட்டரிலும் தங்கம்: 29:55.87. வெள்ளி கேரளத்து கோபிக்கு. 1975இல் சியோலில் ஹரி சந்த் வென்ற பிறகு, 10,000 மீட்டரில் ஓர் இந்தியர் ஆசிய சாம்பியன் ஆனது அன்றுதான்.

இந்த டைமிங் மெதுவானது என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 5,000 மீட்டரில் சுற்றுக்கு 71.6 நொடி, 10,000 மீட்டரில் 71.8. பாதித் தூரத்தையும் முழுத் தூரத்தையும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓடியிருக்கிறார். பதக்கப் போட்டியில், அதுவும் ஜூலை மாதப் புழுக்கத்தில், முன்னால் போய் வேகத்தைக் கூட்டுவது அடுத்தவனுக்கு வழிவிடுகிற வேலை. அங்கே முந்த வேண்டியது கூட ஓடுகிறவர்களைத்தான், கடிகாரத்தை அல்ல.

அடுத்த மாதம் லண்டன் உலக சாம்பியன்ஷிப். 5,000 மீட்டருக்குத் தகுதி நேரம் 13:22.60. லட்சுமணன் அதை எட்டியதில்லை. ஆசிய சாம்பியன் என்பதால்தான் வாய்ப்புக் கிடைத்தது. அந்த மெதுவான தங்கம்தான் அவருக்கு விமான டிக்கெட். லண்டன் ஹீட்ஸில் 13:35.69 ஓடினார், சுற்றுக்கு 65 நொடி. பதினைந்தாவதாகத்தான் வந்தார். ஆனாலும் அதுவரையிலான அவர் வாழ்க்கையின் சிறந்த நேரம் அது. வேகம் அவர் காலில் இருந்தது. புவனேஸ்வரில் அது தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. 10,000 மீட்டரில் 29:44.91, மூன்றாம் இடம். வெண்கலம் கிடைத்துவிட்டது என்று நாம் கொண்டாடிக்கொண்டிருந்தபோதே அறிவிப்பு வந்தது: ஓட்டத்தின் நடுவே இடது கால் உள்கோட்டைத் தாண்டியதால் தகுதி நீக்கம். இந்தியாவின் முறையீடு எடுபடவில்லை. வெகு பின்னால் வந்த சீன வீரரின் கைக்குப் பதக்கம் போனது. விதி சரியானதுதான், உள்கோட்டைத் தாண்டினால் தூரம் குறையும். ஆனால் 25 சுற்றில் ஒரு காலடி!

நம் பையன்கள் ஓடுகிற மண் மைதானங்களில் பலவற்றில் சுண்ணாம்புக் கோடுகூடக் கிடையாது. வளைவில் இஷ்டத்துக்கு உள்ளே வெட்டித்தான் பழகுகிறார்கள். ஒரு மூட்டைச் சுண்ணாம்பும் அளவு நாடாவும் இருந்தால் போதும், உள்கோடு போட்டுவிடலாம். மைதானத்தைப் பராமரிக்கிறவர்கள் முதலில் இதைச் செய்யட்டும்.

அடுத்த வாரம்: 2025இல் குமி நகரில் நடந்த ஆசிய தடகள சாம்பியன்ஷிப்பில் இதே இரட்டைத் தங்கத்தை வென்ற குல்வீர் சிங்.

(தொடரும்)