ஒரு கணக்கில் இரண்டு கைகள்

இன்று நம் கையிலுள்ள தொலைபேசிக்குள் பெரும்பாலும் நான்கு, எட்டு என்று பல செயலிகள் ஒருங்கே உழைக்கின்றன. அவை அனைத்துக்கும் நினைவகம் மட்டும் பொது. அவற்றை மேய்த்து வேலை வாங்கும் அடிப்படை நிரலுக்குக் கெர்னல் என்று பெயர். ஆண்ட்ராய்டு தொலைபேசியில் இருப்பது, 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் பின்லாந்து மாணவர் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கெர்னல்.

நினைவகம் பொதுவாக இருந்தால் என்ன தொல்லை? இரண்டு கிராணிமார் ஒரே செக்ரோலில் ஆள் கணக்கு எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ஏட்டில் 40 என்றிருக்கிறது. ஒருவர் அதைப் பார்த்து, மனத்தில் ஒன்றைக் கூட்டுகிறார். அவர் எழுதுமுன் மற்றவரும் அதே 40ஐப் பார்த்து ஒன்றைக் கூட்டுகிறார். இருவரும் 41 என்றே எழுதுகின்றனர். வந்தவர்களோ 42 பேர். ஒருவர் கணக்கிலேயே விழவில்லை!

இதைத் தடுப்பதே பூட்டு. ஏட்டைத் தொடுமுன் பூட்டை எடுக்க வேண்டும்; எழுதி முடித்ததும் விட வேண்டும். சரி, அந்தப் பூட்டையே இருவர் ஒரே நொடியில் எடுத்துவிட்டால்? அதற்கென்றே செயலியில் தனிக் கட்டளை உண்டு. பார்ப்பதும் எடுப்பதும் அதில் ஒரே செயல்; நடுவே எவரும் புக முடியாது.

ஆனால் பூட்டிலும் வம்பு உண்டு. ஒருவர் ‘அ’ பூட்டை வைத்துக்கொண்டு ‘ஆ’வுக்கும், மற்றவர் ‘ஆ’வை வைத்துக்கொண்டு ‘அ’வுக்கும் காத்திருந்தால், இருவரும் காத்தே கிடப்பர். ஆகவே எல்லாரும் ஒரே வரிசையில்தான் பூட்டுகளை எடுக்க வேண்டும். லினக்ஸ் 1996இல் பல செயலிகளுக்கு இடந்தந்தபோது கெர்னல் முழுமைக்கும் ஒரே பெரிய பூட்டுத்தான். வீட்டுக்கெல்லாம் ஒரே சாவி போல! அதைச் சிறுகச் சிறுகப் பிரித்து, அடியோடு நீக்கியது 2011இல்.

2003 ஆகஸ்டு 14ஆம் நாள் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏறத்தாழ 5 கோடிப் பேர் மின்சாரமின்றித் தவித்தனர். கம்பிகள் மரங்களில் பட்டது முதற்கொண்டு காரணங்கள் பல. எனினும், ஒஹாயோ மாநிலக் கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை மணிக்கான நிரல் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக ஊமையாகிக் கிடந்ததை அங்கிருந்தோர் அறியவில்லை. பொதுவான ஒரு தகவலை இரண்டு வேலைகள் ஒரே வேளையில் திருத்தப் புகுந்ததே அதன் பழுது. அதைக் கண்டுபிடிக்க வாரக்கணக்கில் தேட வேண்டியிருந்தது.

இனி, பலர் அறியாத செய்தி ஒன்று. விரைவு கருதிச் செயலி, தனக்கிட்ட வேலைகளை வரிசை மாற்றியும் செய்யும். ஒரு செயலி முதலில் தகவலை எழுதி, பிறகு ‘தயார்’ என்று கொடி ஏற்றுவதாகக் கொள்வோம். மற்றொரு செயலிக்குக் கொடி முதலில் தெரிந்து, தகவல் பழையதாகவே தெரியக்கூடும். இதற்காக நிரலில் இடும் கட்டளையே நினைவகத் தடுப்பு. ‘இதற்கு முன் எழுதியவை யாவும் பிறர் கண்ணில் பட்ட பின்பே, அடுத்து எழுதுவது படவேண்டும்’ என்பது அதன் பொருள். எழுதுபவர் மட்டும் இட்டால் போதாது. படிப்பவரும், கொடியைப் பார்த்த பின்பே தகவலைப் படிக்குமாறு தம் பங்குக்கு ஒன்றை இடவேண்டும். பூட்டை முறையாகப் பயன்படுத்துவோருக்கு இக்கவலை குறைவு. பூட்டுக்குள்ளேயே தடுப்பும் அடங்கியுள்ளது.

மேசைக் கணினிகளிலுள்ள இன்டெல் வகைச் செயலிகள் எழுத்துகளின் வரிசையைப் பெரும்பாலும் காக்கும். தொலைபேசியிலுள்ள ஆர்ம் வகை அப்படிக் காப்பதில்லை. அதனால், தடுப்பை மறந்த நிரல் முன்னதில் ஆண்டுக்கணக்காய் ஒழுங்காக ஓடிவிட்டு, பின்னதில் ஏற்றியதும் என்றோ ஒருநாள் திடீரென்று பிழை காட்டும்.