வெட்டினால் வளையும்!

ஒரு பிளைவுட் பலகையை வளைத்துப் பாருங்கள். கொஞ்சம் முரண்டு பிடிக்கும், மீறினால் 'படக்'! அதே பலகையை லேசர் மெஷினில் கொடுத்து வரிசை வரிசையாகக் கீறிவிட்டால், கோரைப்பாய் மாதிரி வளைகிறது.

சூட்சுமம் இதுதான்: செங்கல் அடுக்குகிற மாதிரி கீறல்களை மாற்றி மாற்றிப் போட வேண்டும். நடுவில் மிஞ்சும் மெல்லிய பட்டைகள் ஆளுக்குக் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். யாருக்கும் முதுகு ஒடியாது. எல்லாம் சேர்ந்தால் பெரிய வளைவு!

ஸ்விட்சர்லாந்தின் 'டுக்டா' நிறுவனத்தார் இப்படிக் கீறிய பலகையில் அறைத் தடுப்பு, சுவர் மறைப்பு எல்லாம் செய்கிறார்கள். இடுக்குகள் சத்தத்தையும் விழுங்கும். மானேஜர் ரூமுக்கு உகந்தது!

ஆனால் வளைவு ஓசியில் வராது சார். ஒவ்வொரு கீறலும் பலத்தில் கை வைக்கிறது. கீறலை நெருக்கினால் நன்றாக வளையும். பட்டை மெலிந்து சீக்கிரம் ஒடியும். ஆகவே இது அழகுக்குத்தான், பாரம் தாங்க அல்ல. ரிசப்ஷன் மேஜையில் சாய்ந்து அரட்டை அடிப்பவர்கள் கவனிக்க!