புல் ஈக்கு எந்தக் குடும்பம்?

திருத்தணி முருகன் கோயில் படிகள் 365. ஏறும்போது ஓரத்துப் புதர்களில் காய்ந்த குச்சி நுனிகளைக் கவனியுங்கள். கால்களில் முள்முள்ளாக மயிர், முகத்தில் அடர்ந்த மீசை, இரண்டு பெரிய கண்களுக்கு நடுவே ஒரு பள்ளம்: இப்படி ஓர் ஈ உட்கார்ந்திருந்தால், அது கொள்ளைக்கார ஈ. பறக்கும் பூச்சியை அந்தரத்திலேயே கவ்வும். ஊசி போன்ற வாயுறுப்பைச் செருகும். எச்சிலில் உள்ள நஞ்சு இரையை முடக்க, நொதிகள் உள்ளுறுப்புகளைக் கூழாக்கும். அதை ஈ உறிஞ்சிக் குடிக்கும்.

'அசிலிடே' என்ற இந்தக் குடும்பத்தில் 7,000-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. அதில் நெடுநாள் சர்ச்சைக்கு உள்ளாகி இருந்தது, புல் ஈக்களில் ஒன்றான லெப்டோகாஸ்டர் என்ற பேரினம். 1803-இல் பூச்சியியலாளர் மெய்கன் வைத்த பெயர். 'மெல்லிய வயிறு' என்று பொருள். இந்தியாவிலும் உண்டு. ஊசித்தட்டான் போல ஒல்லியாக, புற்களுக்கிடையே மெதுவாக மிதந்து, இலையில் உட்கார்ந்திருக்கும் சிறு பூச்சிகளைப் பொறுக்கும். மற்ற கொள்ளைக்கார ஈக்களின் நகங்களுக்கு அடியில் இருக்கும் மெத்தைகள் இதற்குக் கிடையாது.

இவ்வளவு வேறுபாடு இருக்கிறதே என்று, 1968-இல் அமெரிக்கப் பூச்சியியலாளர் சார்லஸ் மார்ட்டின் லெப்டோகாஸ்டரையும் அதன் உறவுகளையும் பிரித்துத் தனிக் குடும்பமாக்கினார். எல்லோரும் அதை ஏற்கவில்லை. 2009-இல் பூச்சியியலாளர் டார்ஸ்டன் டைகோவ் 158 இனங்களை எடுத்து, 220 உடற்கூறுகளை ஒப்பிட்டு வம்ச மரம் வரைந்தார். புல் ஈக்கள் அசிலிடேக்கு உள்ளேயே ஒரு துணைக் குடும்பமாக நின்றன. உருவம் எவ்வளவு விலகினாலும் பிறந்த வழி மாறாது. வகைப்பாட்டுக்கு ஆதாரம் அந்த வழிதான்.

எல்லைக்கோடு மாறுவது திருத்தணிக்காரர்களுக்குப் புதிதல்ல. ம.பொ.சி. முன்னின்ற போராட்டத்துக்குப் பின், 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து இவ்வூர் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. மலை நின்ற இடத்திலேயே நின்றது.

பூச்சிக்கும் அப்படித்தான். பெயரும் குடும்பமும் திருத்தப்படலாம். எங்கே, எந்த நாளில் பிடிபட்டது என்ற குறிப்பு திருத்தப்படாது. காரைக்கால் அருகே குரும்பகரத்தைச் சேர்ந்த சூசைநாதன் சேகரித்த பூச்சிகள் உலக அருங்காட்சியகங்களில் இன்றும் ஆய்வுக்குப் பயன்படுவது, அவற்றோடு ஊர்ப்பெயரும் தேதியும் எழுதிய துண்டுச் சீட்டு இருப்பதால்தான்.

அடுத்த முறை படியோரத்தில் மீசை ஈயைக் கண்டால் படம் எடுங்கள். இடத்தையும் தேதியையும் தவறாமல் குறித்து வையுங்கள்.